வாஞ்சூருக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 30, வியாழன் – திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம்

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் அதிகாலை ஐந்தரை மணிக்குப் பனி நன்றாக இறங்கியிருந்தது. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நாகப்பட்டினம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பையில் மூன்று உறைகள். ஒன்றில் 2,300 ரூபாய். நாகப்பட்டினத்தில் மெஸ் நடத்தும் அக்காவுக்கு நான் பத்து ஆண்டுகளாகக் கொடுக்கவேண்டிய கடன் அது. இன்னொன்றில் 1,001 ரூபாய், காரைக்காலில் பழைய சக ஊழியர் ஒருவரின் மகள் திருமணத்துக்கு மொய். மூன்றாவதில் வழிச்செலவுக்கு 3,000. இவ்வளவுதான் பணம். ஏடிஎம் அட்டை மனைவியிடம் இருக்கிறது. பணம் அனுப்பும் செயலி என் போனில் கிடையாது. இது யாரும் எனக்கு விதித்த கட்டுப்பாடு இல்லை. மறுவாழ்வு மையத்திலிருந்து வீட்டுக்கு வந்த அன்று நானே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு.

நான் குடிக்காமல் இருக்கத் தொடங்கி மூன்று ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. 2012 முதல் 2015 வரை ஒரு பூச்சிமருந்து நிறுவனத்தின் விற்பனையாளனாக நாகப்பட்டினத்தில் தங்கி, சீர்காழியிலிருந்து வேதாரண்யம் வரை சுற்றினேன். வேலை போன மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பியவன், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை.

தஞ்சாவூரில் பஸ் பத்து நிமிடம் நின்றது. இறங்கி அசோகா வாங்கினேன். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யும் சேர்த்துக் கிளறிய அந்த அல்வா, வாழையிலைத் துண்டில் சூடாக, 100 கிராம் 40 ரூபாய். குடியை விட்டவர்களுக்கு இனிப்பு வெறும் தின்பண்டம் இல்லை. சாராயம் திடீரென்று நின்றுபோன உடம்பு, பொழுது சாயும் நேரத்தில் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் ஆண்டு முழுக்க என் சட்டைப்பையில் கடலைமிட்டாய் இருந்தது. இப்போதும் பயணத்தில் இருக்கிறது.

அம்மாப்பேட்டையில் ஏறிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாலையின் இரு பக்கமும் சம்பா கதிர் முற்றி மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. அறுவடை இயந்திரங்கள் வயல்களில் இறங்கியிருந்தன. கொள்முதல் நிலைய வாசல்களில் தார்ப்பாய் போர்த்திய நெல் அம்பாரங்கள். "ஈரப்பதம் 17க்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். இந்தப் பனியில் நெல்லை எப்படிக் காயவைப்பது?" என்று கேட்டுவிட்டு, மடியிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்து என் கையில் கொட்டினார். என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கடலையை நான் தின்கிறேனா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர். எத்தனையோ முறை போன வழி. ஆனால் ஒவ்வொரு ஊரும் எந்தக் கடை எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதாகத்தான் எனக்குள் பதிந்திருந்தது. வெண்ணாற்றுக்கும் வெட்டாற்றுக்கும் இடையே இவ்வளவு வாய்க்கால்கள் ஓடுகின்றன என்பதை இன்றுதான் எண்ணிப் பார்த்தேன். பாசனத்தை நம்பி மருந்து விற்றவன் நான்.

லாட்ஜில் ஒரு நாளைக்கு 600 ரூபாய். இரண்டு நாளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். இரவு எட்டு மணிக்கு எதிர் அறையின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நான்கு பேர் குடித்தார்கள். நல்லவர்கள்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்தி, "வாங்க அண்ணே" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் அறைக்குள் வந்தேன். கதவை மூடினாலும் வாசனை கீழ்வழியாக வந்தது.

குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கிய கதையே இப்படி ஒரு வெளியூர் இரவில்தான் இருக்கிறது. 1935 மே மாதம், தொழில் விஷயமாக அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்துக்குப் போன பில் என்பவர், போன காரியம் கெட்டு, ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். தேவாலயங்களுக்கு ஒவ்வொன்றாகப் பேசி, தன்னைப்போலவே தவிக்கும் இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதிதான் அமைப்பின் பிறந்தநாள். ஆறுதலைக் கேட்டுப் பெறுவதற்காக அன்று பில் ஆளைத் தேடவில்லை. இன்னொருவருக்கு உதவினால்தான் தான் பிழைப்போம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

நான் அந்த அமைப்பின் திருச்சிக் குழுவில் எனக்கு வழிகாட்டியாக இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன். கூட்டம் இல்லாத ஊரில் போன்தான் கூட்டம் என்பார் அவர். அவருடைய பேரனுக்குக் காது குத்தியதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். எதிர் அறையைப் பற்றிக் கடைசியில்தான் சொன்னேன். "சரி, இன்றைக்கு முடிந்தது. படுத்துக்கொள்" என்றார்.

ஜனவரி 31, வெள்ளி – நாகூர், நாகப்பட்டினம்

காலையில் நாகூர் தர்காவுக்குப் போனேன். ஐந்து மினாராக்களில் மிக உயரமானது 131 அடி. தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. பனிக்குள் அதன் உச்சி தெரியவில்லை, அங்கிருந்து இறங்கும் புறாக்கள் மட்டும் தெரிந்தன. மொட்டையடித்து முடித்த குடும்பங்கள் குளத்தங்கரையில் நடுங்கிக்கொண்டிருந்தன. பொட்டும் திருநீறும் வைத்தவர்கள்தாம் பாதிக்கு மேல். எதிரே எண்ணெய்ச் சட்டியில் வாடா போட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசி மாவும் வெங்காயமும் சேர்த்துத் தட்டி, மேலே ஓர் இறாலைப் பதித்துப் பொரிப்பது. இரண்டு தின்றேன். இந்த ஊருக்குப் பத்து கிலோமீட்டருக்குள் மூன்று ஆண்டுகள் இருந்தும் நான் வாடாவை ருசித்த நினைவே இல்லை.

டீக்கடையில் ஒரு தாயும் மகனும் நின்றார்கள். மகனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மணிக்கட்டில் புதிதாகக் கட்டிய கயிறு. கை நடுங்கியது. பனியில் நடுங்குவதற்கும் அந்த நடுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். டீக்கடைக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு மட்டும் டம்ளரில் பாதிதான் ஊற்றினார். குடித்து முடித்ததும் கேட்காமலே மறுபாதியை ஊற்றினார். நிரம்பிய டம்ளரை அந்தக் கையால் வாய்வரை கொண்டுபோக முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மொத்தம் 12 ரூபாய்தான் வாங்கினார். இந்தப் பயணத்தில் நான் கண்ட மரியாதைகளில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்ல என்னால் முடியாது.

அந்த அம்மா என்னிடம் தானாகவே பேசினார். நேற்று இரவோடு நிறுத்திவிட்டானாம், இனி ஒரு சொட்டுக்கூட இல்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறாராம், வீட்டில் ஒரு வாரம் பூட்டி வைக்கப்போகிறாராம். எனக்கு அடிவயிறு கலங்கியது. பல ஆண்டுகள் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள், நான்காம் நாளில் சித்தம் கலங்கலாம். இல்லாத பூச்சிகள் சுவரில் ஊரும். உயிருக்கே ஆபத்தாகலாம். நான் அதில் ஒருமுறை விழுந்து எழுந்தவன். "அம்மா, கயிறு கையிலேயே இருக்கட்டும். ஆனால் இங்கிருந்து நேராக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எப்போது நிறுத்தினான், எவ்வளவு குடித்துவந்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையோடுதான் நிறுத்த வேண்டும்" என்றேன். மகனைப் பார்த்து, நானும் குடிநோயாளிதான் என்று சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் ஆட்டோவில் தாய்க்கு முன்னால் அவன்தான் ஏறினான்.

மத்தியானம் மெஸ்ஸுக்குப் போனேன். அதே தெரு. ஓடு போய்த் தகரம் வந்திருந்தது. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் எடுத்துக்கொண்டுபோன ஓடு. அக்காவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். என்னைப் பார்த்தார். பெயர் சொன்னேன், நிறுவனம் சொன்னேன். முகத்தில் எதுவும் அசையவில்லை. பத்து ஆண்டுகளாக நான் நெஞ்சில் சுமந்த ஆள், என்னை அடையாளம்கூடத் தெரியாமல் குழம்புக் கரண்டியோடு நிற்கிறார்.

"கொடுக்கவேண்டிய பாக்கி இருக்கிறது அக்கா" என்றதும் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனார். தகரப்பெட்டி திறக்கும் சத்தம். நீள நோட்டுகள் ஐந்தாறை எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூன்றாவது நோட்டில் என் பெயர் இருந்தது.

"4,150" என்றார்.

நான் உறையை நீட்டியபடி நின்றேன். என் கணக்கு 2,300. மாதக் கடைசிகளில் விட்டுப்போன சாப்பாடுகளை எவ்வளவோ முறை மனதுக்குள் கூட்டி, உறுதியாக வந்த தொகை. அவர் விரலை வைத்து வரிவரியாகக் காட்டினார். இரவு பரோட்டா, ஆம்லெட். இரவு பரோட்டா, மீன். 2014 ஜூலையில் கைமாற்று 500. அக்டோபரில் கைமாற்று 300. கைமாற்று வாங்கியதாக என்னிடம் ஒரு நிழல்கூட இல்லை. பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது, கோணலாக.

மையத்தில் இருந்தபோது மருத்துவர் இதை விளக்கியிருக்கிறார். ரத்தத்தில் மது வேகமாக ஏறும்போது மூளை புதிய நினைவுகளைப் பதிவதை நிறுத்திவிடுகிறது. ஆள் நடப்பான், பேசுவான், வண்டிகூட ஓட்டுவான். காலையில் எதுவும் இருக்காது. அது மறதி இல்லை, எழுதப்படாத பக்கம், எவ்வளவு யோசித்தாலும் வராது. இதைக் கேட்டபோது ஒரு பாடமாகத்தான் தெரிந்தது. நான் எழுதாத பக்கத்தை இன்னொருவர் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, தகரப்பெட்டியில் வைத்து, கஜாவிலும் நனையாமல் காப்பாற்றியிருப்பார் என்று நினைத்ததில்லை.

2,300ஐக் கொடுத்தேன். வழிச்செலவுப் பணத்திலிருந்து 1,000 எடுத்துக் கொடுத்தேன். எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார். நோட்டில் 3,300 வரவு என்று எழுதி, கீழே 850 நிற்கிறது என்று எழுதினார். கணக்கின் குறுக்கே கோடு அடிக்கவில்லை. "மீதியை எப்போது தருகிறாய்?" என்று கேட்டார். "திங்கட்கிழமைக்குள்" என்றேன். "சரி தம்பி" என்று கரண்டியை எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்பதற்கு நான் தயாரித்து வைத்திருந்த சொற்களுக்கு அங்கே இடமே வரவில்லை. சாப்பிடச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான்.

பிப்ரவரி 1, சனி – வாஞ்சூர், காரைக்கால்

நாகூரைத் தாண்டியதும் வாஞ்சூர். தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஆட்சியின் காரைக்கால் பகுதி தொடங்கும் இடம். எல்லைக்கு அந்தப் பக்கம் மது விலை குறைவு என்பதால் நாகை மாவட்டத்தின் ஒரு பகுதி மாலையானால் இங்கே வந்து நிற்கும். நானும் வந்து நின்றேன், வாரத்தில் ஐந்து நாள். அப்போது உலகத்துக்கே வாஞ்சூர்தான் நடு. மற்ற எல்லா ஊரும் வாஞ்சூருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

பகல் பதினொரு மணிக்கு பஸ்ஸில் கடந்தேன். கடைகள், வண்டிகள், சோதனைச் சாவடி எல்லாம் இருந்தன. பயம் வரும் என்று கடலைமிட்டாயைக் கையில் பிடித்திருந்தேன். என்னை அதிரவைத்தது வேறு. கிழக்கே கடலோரம் பெரிய பளுதூக்கிகள் வரிசையாக நின்றன. துறைமுகம். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், "இது எப்போது வந்தது?" என்று கேட்டேன். விசித்திரமாகப் பார்த்து, "ரொம்ப வருஷமாக இருக்கிறதே" என்றார். கீழவாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் 2009இல் இயங்கத் தொடங்கியது. நான் வந்தது 2012இல். கப்பல் வந்து நிற்கும் துறைமுகத்தை நான் பார்த்ததாகவே நினைவில்லை.

காரைக்காலில் வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மையார் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் விட்டுப்போன நேரான தெருக்கள், சிவப்புத் தொப்பி போலீஸ். இவற்றைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நான் இரவு வரவேற்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மணமகளின் அப்பா என்னைக் கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பழைய விற்பனைக் குழுவில் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு காரின் டிக்கி திறந்தது. நான் சோடாவோடு நின்றேன். ஒருவர் காகிதக் கோப்பையை நீட்டியபோது, சர்க்கரை என்றோ மாத்திரை சாப்பிடுகிறேன் என்றோ சொல்லித் தப்பிக்கலாம். சர்க்கரை நோயாளி என்றால் உடனே விட்டுவிடுவார்கள், அதற்கு மதிப்பு இருக்கிறது. முதல் ஆண்டில் நானும் அப்படித்தான் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. "எனக்குக் குடிநோய். முதல் மடக்கு போனால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அதனால் முதல் மடக்கே இல்லை" என்றேன். ஒரு நிமிடம் அமைதி. பிறகு எங்கள் பழைய மேலாளர் சிரித்தபடி என் தோளைத் தட்டினார். "நீ குடித்த காலத்தில்தான் எவ்வளவு கலகலப்பாக இருந்தாய்!"

கதைகள் தொடங்கின. நான் சிரித்தது, பாடியது, மழையில் வாஞ்சூர் சாலை நடுவே உட்கார்ந்து லாரியை நிறுத்தியது. எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எதுவும் எனக்குத் தெரியாது. வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒருவர் சொன்னார்: "கைக்கடிகாரத்தைக் கழற்றி பார்காரனிடம் கொடுத்து ஒரு குவார்ட்டர் வாங்கினாயே, அது நினைவிருக்கிறதா?"

என் மாமனார் திருமணத்தில் போட்ட கடிகாரம். அது 2014இல் திருவாரூர் பஸ்ஸில் திருடுபோனது. அப்படித்தான் மனைவியிடம் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு அது பஸ்ஸில்தான் போனது. கூட்டம், நெரிசல், பக்கத்தில் நின்றவனின் கட்டம்போட்ட சட்டை, எல்லாம் என் கண்ணில் இருக்கிறது. அந்தச் சட்டையை யார் நெய்தார்கள்? எழுதப்படாத பக்கத்தில் என் மனமே எனக்குச் சாதகமாக ஒன்றை எழுதி வைத்திருக்கிறது, நான் பத்து ஆண்டுகளாக அதைப் படித்துவந்திருக்கிறேன்.

"எந்த மாதம்? என்ன பிராண்ட்? வேறு யார் இருந்தார்கள்?" என்று கேட்டேன். மூன்றாவது கேள்வியில் சிரிப்பு நின்றுவிட்டது. சொன்னவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "விடு, பழைய கதை" என்றார். நான் விடவில்லை. அவருக்குத் தெரிந்தது அத்தனையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குக் கிடைக்காமல் போன ஒரு தாளை வைத்திருந்து கொடுத்தவர் அவர்.

இரவு அண்ணனிடம் சொன்னேன். "இதைப் போனில் அவளிடம் சொல்லாதே. களைப்பாக இருக்கும்போதும் சொல்லாதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்" என்றார். அப்படியே செய்தேன். இதை இங்கே எழுதுவதற்கு முன் அவளுக்குத் தெரியும். அவள் என்ன சொன்னாள் என்பது எங்கள் இருவரோடு இருக்கட்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு – வேதாரண்யம்

முகூர்த்தம் முடிந்ததும் கிளம்பினேன். தூக்கமில்லை. பந்தியில் உட்காராமல் வந்தது முதல் தவறு. சார்ஜரை அறையிலேயே விட்டுவந்தது இரண்டாவது. நாகப்பட்டினம் பஸ் நிலையத்தில் வேதாரண்யம் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன். ஏறிய பஸ் திருப்பூண்டிக்கு அப்பால் பழுதாகி நின்றது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சில்லறைக்காக நடத்துநரிடம் தேவைக்கு மேல் குரலை உயர்த்தினேன். அவர் பதிலுக்குக் கத்தாமல், "கொஞ்சம் பொறுங்கள் சார், தருகிறேன்" என்றார். வேதாரண்யத்தில் இறங்கும்போது மணி ஒன்றரை. போன் அணைந்திருந்தது. கையில் 85 ரூபாய்.

பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நான்கில் இரண்டு சேர்ந்தால் எச்சரிக்கையாக இரு என்று எங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்வோம். எனக்கு நான்கும் ஒரே நேரத்தில் வந்திருந்தன, நான் அதைக் கவனிக்கவே இல்லை. கால் தானாக நடந்தது. நின்ற இடத்துக்கு எதிரே டாஸ்மாக் கடை. பன்னிரண்டு மணிக்குத் திறந்திருப்பார்கள், கம்பி வலைக்கு முன்னால் கூட்டம். ஒல்லியான ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "கட்டிங் சேர்கிறீர்களா?" என்றார். ஒரு குவார்ட்டரை இருவர் பங்குபோட்டு வாங்குவது. மலிவான குவார்ட்டர் 140. பாதி 70. என்னிடம் 85. நான் கூட்டிக் கழிக்கவில்லை, அது தானாகவே முடிந்திருந்தது. என் கடனில் 1,850 ரூபாயைத் தவறவிட்ட அதே மூளை, இந்தக் கணக்கை இமைப்பதற்குள் சரியாகப் போட்டுவிட்டது.

அந்தக் கணக்குதான் என்னை எழுப்பியது. "இல்லை அய்யா, எனக்குப் பசிக்கிறது" என்றேன். நான் சொன்ன பிறகுதான் பசிப்பதே தெரிந்தது.

இரண்டு கடை தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடை. சாப்பாடு 70 ரூபாய். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்பதற்கு முன்பே ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். சூடான ரசம். பிறகு சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், காரப்பொடிக் குழம்பு. சாப்பிட்டு முடியும்வரை போனை அவருடைய சார்ஜரில் போட்டுவைத்தார். மனைவியை அழைத்தேன். பேச்சைத் தொடங்குவதற்கு முன் இரண்டு விநாடி மௌனமாக இருப்பாள். என் குரலைக் கேட்டு எடைபோடும் மௌனம் அது. பழைய நாட்களில் அது என்னை எரிச்சலூட்டும். இப்போது அந்த இரண்டு விநாடிகளும் அவளுக்கு உரியவை என்று காத்திருக்கிறேன். பிறகு, "சாப்பிட்டீர்களா?" என்றாள்.

கடைக்காரரின் எண்ணுக்கு அவள் 2,000 ரூபாய் அனுப்பினாள். அவர் பெட்டியிலிருந்து எண்ணி எடுத்து என் கையில் வைத்தார். கமிஷன் ஏதாவது வேண்டுமா என்று கேட்டதற்கு, "சாப்பாட்டுக்குத்தான் காசு" என்றார். முன்பின் தெரியாத ஆளுக்கு. எதிரே கடை திறந்திருக்கிறது, என் சட்டைப்பையில் 2,015 ரூபாய் இருக்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது. எந்தக் கணக்கும் எழவில்லை.

500 ரூபாய்க்கு அறை எடுத்து மூன்று மணி நேரம் தூங்கினேன். மாலையில் அகஸ்தியன்பள்ளிக்குப் போய் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணைப் பார்த்தேன். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி சுமார் நூறு பேரோடு கிளம்பியது எங்கள் திருச்சியிலிருந்துதான். பதினைந்து நாள் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பு அள்ளினார்கள். வழியில் அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று தெரியாது, எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். அதே ராஜாஜிதான் 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நாட்டிலேயே முதல் முயற்சிகளில் ஒன்று. மதுவிலக்கு வந்தால் என்னைப் போன்றவர்கள் குணமாவார்களா என்று கேட்டால் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியாது. நான் வாஞ்சூருக்குப் போனவன், எல்லை எங்கே இருந்தாலும் போயிருப்பேன். ஆனால் பசியோடு பஸ்ஸைவிட்டு இறங்குகிறவனின் கண்ணில் முதலில் படுவது சாப்பாட்டுக் கடையாக இருந்தால் நன்றாக இருக்கும். அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

உப்பளங்களில் வெயில் சாய்ந்து, பாத்திகள் எல்லாம் செம்பு நிறமாகியிருந்தன. தொழிலாளர்கள் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

பிப்ரவரி 3, திங்கள் – கோடியக்கரை, மறுபடியும் நாகப்பட்டினம்

விடிவதற்கு முன் கோடியக்கரைக்கு முதல் பஸ். காட்டோரம் வெளிமான்கள் நின்றன. ஆண்மான் ஒன்றின் கருத்த முதுகில் பனி படிந்திருந்தது. ஆளற்ற சதுப்பு நிலத்தில் குதிரைகள் மேய்ந்தன, யாருடைய குதிரைகளும் இல்லை, காட்டுக்குள் விடப்பட்டுப் பெருகியவை. தண்ணீருக்கு நடுவே தூரத்தில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு. காவலர் ஒருவர், "பூநாரை" என்றார். அசையாத கோடு, ஒரு நொடியில் முழுதாக எழுந்து பறந்தது.

நான் இங்கே முன்பே வந்திருக்கிறேன். 2013இல் விற்பனைக் கூட்டம் முடிந்து பன்னிரண்டு பேர் வேனில் வந்தோம். என்னிடம் அதற்குப் புகைப்படம்கூட இருக்கிறது: இதே கரையில், கண்ணை மூடியபடி நான்.

பத்தரை மணிக்கு வெயில் ஏறியது. நாகப்பட்டினம் பஸ் இந்த முறை நிற்காமல் போனது. மெஸ் வாசலில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தி, "திங்கட்கிழமையா இன்றைக்கு?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்துவந்தார். 850ஐ இரண்டு முறை எண்ணினார். என் பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டின் மேலேயே தேதி எழுதினார். என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பழைய கையெழுத்துகளுக்குக் கீழே அது வேறு யாருடையதோ போல நேராக இருந்தது.

"உட்கார். சோறு வடித்தாகிவிட்டது. மீன் வேண்டுமென்றால் தனிக்காசு."

வேண்டும் என்றேன். சங்கரா மீன் வறுவல், காரம் தூக்கலாக. சாப்பாடு 80, மீன் 60. எழுந்து கைகழுவி, 140 ரூபாயை மேசையில் வைக்காமல் அவர் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துப் பெட்டியில் போட்டார்.